சந்திரகலா மாட்டிய அட்டை

உமாராணி குழாயைத் திருகினாள். இருமுவது போல ஒரு சத்தம் வந்தது, அதோடு சரி. குளியலறைக்குப் போய்த் திருகினாள், சமையலறையிலும் திருகிப் பார்த்தாள். பிறகு வாளியை அங்கேயே வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். பெஞ்சில் கிடத்தியிருந்த அண்ணியின் கால்மாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அண்ணனிடம் குனிந்து சொன்னாள்.

"அண்ணா, வூட்ல ஒரு கொழாயிலயும் தண்ணி வர்ல. அண்ணியக் குளிப்பாட்டணும். மோட்டாரு சுச்சு எங்க கீது?"

சக்கரபாணிக்குத் தெரியவில்லை. முப்பத்து மூன்று வருஷம் நெய்வேலி மைன்ஸில் நிலக்கரி போகும் கன்வேயர் பெல்ட்டுக்கு ஃபிட்டராக இருந்தவர் அவர். ஆள் உயர உருளைகளைக் கழற்றிப் பூட்டியவர். ஆனால் எட்டு வருஷமாகக் குடியிருக்கும் சொந்த வீட்டில் மோட்டாரை யார் போடுகிறார்கள், எப்போது நிறுத்துகிறார்கள் என்று அவர் யோசித்ததே இல்லை. திருகினால் தண்ணீர் வரும். தொட்டி நிரம்பி வழிந்த சத்தத்தை ஒருநாளும் கேட்டதில்லை. எல்லாம் தானாக நடக்கிறது என்று நினைப்பவர்களுக்கு இப்படி ஒருநாள் வரத்தான் செய்யும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நெஞ்சை அடைக்கிறாற்போல் இருக்கிறது என்று சொன்ன சந்திரகலாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வியாழன் விடியற்காலை நாலு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. நடுவில் வீடு பூட்டிக் கிடந்தது.

ஒன்றரைக்கு ராகு காலம். அதற்குள் குளிப்பாட்டி, பிறந்த வீட்டுக் கோடி போட்டு, எடுத்துவிட வேண்டும். சந்திரகலாவின் அண்ணன் பாவாடை சேத்தியாத்தோப்பிலிருந்து கோடிப் புடவையோடு வந்து இறங்கியதுமே இதைச் சொல்லிவிட்டார். இப்போது மணி பதினொன்றே கால்.

பாவாடைதான் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"தொட்டி ரொம்பித்தான் இருக்குது. தொட்டியிலேந்து எறங்குற வால்வ மூடி வச்சிக்கிது. தொறந்துட்டா வந்துடும். இதுல என்னாவோ சீட்டு ஒண்ணு கட்டித் தொங்க வுட்டிருக்காங்க."

காலையிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருந்த சக்கரபாணி எழுந்து ஓடினார். அறுபத்து எட்டு வயது மனிதர் அப்படி ஓடியதைப் பார்த்துக் கூடத்தில் இருந்த பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள். வால்வின் சக்கரத்தில் பாவாடையின் கை இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், கைய எடுங்க."

"தண்ணி வோணாமா மாப்ள?"

"எடுங்க மச்சான். அது அவ மாட்டுன டேக்."

உள்ளங்கை அகல அட்டை. சிவப்பு நூலில் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. நீல ஸ்கெட்ச் பேனாவால் குண்டு குண்டாக எழுதியிருந்தாள்.

கை வைக்காதே. ஆள் வேலை செய்கிறார். சந்திரகலா. செவ்வாய், 5.10.

மைன்ஸில் ஒரு பெல்ட்டில் வேலை செய்யப் போகிறவன் முதலில் ஸ்விட்சை அணைப்பான். பிறகு தன் பெயர் எழுதிய அட்டையை அதில் மாட்டுவான். வேலையை முடித்து வந்து, மாட்டியவனே அதை எடுக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவன் எடுக்கக் கூடாது, மேலதிகாரி வந்தாலும் எடுக்கக் கூடாது. உள்ளே எவன் கை இருக்கிறது என்று வெளியே நிற்பவனுக்குத் தெரியாதே.

கல்யாணமான புதிதில் சக்கரபாணி ஒருமுறை அட்டையை எடுக்க மறந்துவிட்டு மறுவீட்டு விருந்துக்குச் சேத்தியாத்தோப்பு போய்விட்டார். இலையில் சோறு விழுந்த நேரம், வாசலில் மைன்ஸ் ஜீப் வந்து நின்றது. புது மாப்பிள்ளை ஒரு வாய்கூட வைக்காமல் எழுந்து, நெய்வேலிக்குப் போய், தன் அட்டையைத் தன் கையால் எடுத்துவிட்டுப் பொழுது சாயத் திரும்பி வந்தார். மாமனார் வீட்டில் எல்லோரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். சந்திரகலா மட்டும் சோற்றைப் போட்டுக்கொண்டே, "ஏன், வேற ஆளே இல்லியா அத எடுக்க?" என்று கேட்டாள். "மாட்டுனவந்தான் எடுக்கணும்" என்றார். "அப்ப நல்ல வேலதான்" என்று சொல்லிச் சிரித்தாள்.

குவார்ட்டர்ஸில் இருந்தவரை பழுது பார்க்க ஆள் வருவார். சந்திரகலா பக்கத்தில் நின்று, இது என்ன, அது எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பழுது பார்க்க வருகிறவர்களுக்கு அந்த வீட்டில் டீயும் உண்டு, கேள்வியும் உண்டு. ரிடையர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, இந்திரா நகரில் கட்டிய இந்த வீட்டுக்கு வந்தபோது அவள் ஒரு ஸ்பேனர், இரண்டு திருப்புளி, ஒரு டெஸ்டர், கட்டிங் பிளேயர் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டாள். ஃபிட்டர் இருக்கிற வீட்டில் இதெல்லாம் உனக்கு எதற்கு என்று சக்கரபாணி கேட்டார். அடுத்த மாதமே குளியலறைக் குழாயை ஃபிட்டர் பூட்டினார். பெல்ட் உருளையைப் பூட்டுகிற கை. பித்தளைக் குழாய் சுவருக்குள்ளேயே முறிந்து, நடுக்கூடம் வரை வெள்ளம் வந்தது. சுவரில் ஏறிய ஓதம் காய ஒரு கோடை ஆயிற்று.

"வாத்தியார் புள்ள மக்கு, ஃபிட்டர் வூட்டுக் கொழா ஒழுக்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். அவரிடம் தனியாகச் சொன்னது வேறு. "இங்க பாருங்க, சொவுத்துல ஓதம் ஏறுனா வூட்டு வெல எறங்கிப் பூடும். உங்க பி.எஃப்.பு மொத்தமும் இந்தச் சொவுத்துலதான் இருக்குது. இனிமே நீங்க ஸ்பேனரத் தொடாதீங்க."

அவர் தொடவில்லை. தொடாமல் இருப்பதில் ஒரு சுகமும் இருந்தது.

ஆனால் அந்த அட்டை வந்த கதையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஃபியூஸைப் பிடுங்கி மேலே வைத்துவிட்டு, "சுச்சுபோர்டுல கை வைக்கப் போறேன், ஃபேன் வர்லன்னு போட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவர் பேப்பர் படித்துக்கொண்டு சரி என்றார். கால் மணி நேரத்தில் வியர்த்தது. எழுந்து போய் ஃபியூஸைச் செருகினார். உள்ளே தடால் என்று சத்தம் கேட்டது. அவள் சுவரோரம் விழுந்து கிடந்தாள். விரல் நுனி கறுத்துவிட்டது. அவர் ஃபியூஸை மறுபடியும் பிடுங்கிவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மைன்ஸ்ல வேற ஒருத்தன் மாட்டுன டேக்க எடுப்பீங்களா?"

அதற்கு மறுநாள் மகள் இசைப்பிரியாவின் கல்யாணப் பத்திரிகையில் மிஞ்சியவற்றை எடுத்து நறுக்கி, பின்பக்கம் வெள்ளையாக இருந்ததில் எழுதி, துளை போட்டு நூல் கோத்தாள். அன்றிலிருந்து அவள் அட்டை தொங்கும் எதையும் அவர் தொட்டதில்லை. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. தொடாமல் இருப்பதையே மன்னிப்பாக வைத்துக்கொண்டார்.

"அண்ணா, மணி ஆயிக்கினே இருக்குது" என்று உமாராணி வந்து நின்றாள். "இப்பப் போயி சீட்டப் புடிச்சிக்கினு நிக்கிறியே. அண்ணிதான் இல்லியே, இனிமே யாரு வந்து எடுக்கறது?"

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஹபீப் முகமது சுற்றுச்சுவர் ஓரமாக வந்து எட்டிப் பார்த்தார். அவரும் மைன்ஸில் இருந்தவர்தான். இரண்டு பேரும் ஒரே ஷிப்டில் இருபது வருஷம் போய் வந்தவர்கள். காலையிலிருந்து வாசலில் நாற்காலி போடுவதும் பந்தலுக்கு ஆள் பிடிப்பதும் அவர்தான்.

"எங்க வீட்லேர்ந்து ஓஸ் போட்டுடலாம். மோட்டார் போட்டாச்சு" என்றவர், வால்வில் தொங்கியதைப் பார்த்ததும் நிறுத்தினார். "யாரு டேக் பாணி?"

"அவளுது."

ஹபீப் முகமது தலையில் இருந்த தொப்பியைச் சரி செய்துகொண்டார். "என்ன வேலைன்னு பாத்தியா?" என்றார்.

அதைத்தான் பார்க்கவில்லை. சக்கரபாணி கொல்லையைச் சுற்றி வந்தார். துவைக்கிற கல்லுக்கு மேலிருந்த பித்தளைக் குழாய்க்குத் தலையே இல்லை. திருகுகிற பாகத்தைக் கழற்றிவிட்டு, பூச்சி போகாமலிருக்க ஓட்டையில் பழைய துணியைச் சுருட்டிச் செருகியிருந்தாள். கழற்றிய தலை கல்லின் மேல் ஒரு துண்டுத் துணியில் இருந்தது. அதன் பக்கத்தில் ஸ்பேனர். கொட்டாங்குச்சியில் தேய்ந்துபோன வாஷர் ஒன்றும், நறுக்கி வைத்த புது வாஷர் ஒன்றும். புது வாஷரின் நீலத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்தது. போன மாதம் வார் அறுந்துபோன அவருடைய ரப்பர் செருப்பு.

பாவாடையும் பின்னாலேயே வந்து பார்த்தார். வால்வைத் திறந்திருந்தால் துணியைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் கொல்லை முழுக்கப் பீய்ச்சியிருக்கும். அவர் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அன்னிக்கி எல போட்ட நேரத்துல ஜீப்பு அனுப்பிச்சி உங்களக் கூப்ட்டுக்கினு போனானுங்க. எனக்கு என்னா கோவம் வந்துது தெரியுமா?" என்றார். தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டு, "இவளுக்கு எந்த ஜீப்ப அனுப்பறது மாப்ள?" என்றார்.

சக்கரபாணி கல்லின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து வராத அழுகை அங்கேதான் வந்தது. அவள் இந்தக் குழாயை ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது இப்போது ஞாபகம் வந்தது. ராத்திரியெல்லாம் சொட்டுகிறது, உங்களுக்குக் கேட்கவில்லையா என்றாள். கேட்கவில்லை என்றார். கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஹபீப் முகமது சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"மாட்டுனவன் வர முடியாம போயிட்டா நாம என்ன செய்வோம்?"

சக்கரபாணி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வேற ஒரு ஃபிட்டர் அந்த வேலைய எடுத்துப்பான். முடிப்பான். மாட்டுனவனுக்கு வேலை முடிஞ்சுதுன்னு தகவல் சொல்லிட்டு, அப்புறம் எடுப்பான். அவ்வளவுதானே? எந்திரி."

சக்கரபாணி தன் கையைப் பார்த்தார். பெரிய கை. இதுவும் முறிந்தால் அவளைக் குளிப்பாட்ட இந்த வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. எட்டு வருஷம் ஒரு சொட்டு வீணாகாமல் பார்த்துக்கொண்டவள், பக்கத்து வீட்டுத் தண்ணீரில் குளித்துவிட்டு, பாதி வேலையைப் போட்டுவிட்டுப் போகிறவளாக ஆகிவிடுவாள். அதை அவரால் தாங்க முடியாது.

"உமா, அரை மணி நேரம் குடு" என்றார்.

உமாராணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பாவாடை கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

கருவிகள் எங்கே இருக்கும் என்றும் அவருக்குத் தெரியவில்லை. பெங்களூரிலிருந்து பத்து மணிக்கு வந்து சேர்ந்த மகள் இசைப்பிரியாதான் போய் எடுத்து வந்தாள். அவருடைய பழைய மஞ்சள் ஹெல்மெட். அதைக் கவிழ்த்து, வாரைப் பிடியாக்கி, ஆணியில் மாட்டி வைத்திருந்தாள் சந்திரகலா. உள்ளே திருப்புளிகளும் நூல்கண்டும் இருந்தன. மிட்டாய் டப்பாவில் விதவிதமான திருகாணிகள். அடியில் மடித்து வைத்த உப்புத்தாள். ஹெல்மெட்டைத் தேடிப் பார்த்துவிட்டு, தொலைந்துவிட்டது போல என்று அவர் சொல்லி மூன்று வருஷம் இருக்கும். ஆமாம் தொலைந்துவிட்டது என்று அவளும் சொன்னாள்.

துணியை உருவினார். வாஷரைத் தலையின் அடியில் வைத்து விரலால் அமுக்கினார். கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. மரையில் நூலைச் சுற்ற ஆரம்பித்தார்.

"அப்பா, அந்தப் பக்கம் இல்ல. திருகுற பக்கமா சுத்தணும். இல்லன்னா திருகும்போது பிரிஞ்சு வந்துடும்" என்றாள் இசைப்பிரியா.

"உனக்கு யாரு சொன்னா?"

"அம்மாதான். பெங்களூர்ல எங்க வீட்டுக் குழாய்க்கு வீடியோ கால்ல வந்து சொல்லிக் குடுத்தாங்க." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கையால எவ்வளவு போகுதோ அவ்வளவு திருகு, அப்புறம் ஸ்பேனர்ல கால் திருகு. அதுக்கு மேல போனா அது மைன்ஸுன்னு சொன்னாங்க."

சக்கரபாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழவு வீட்டில் சிரிக்கிறோமே என்று தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்து அழுகிறார் என்று உமாராணியும் அழுதாள். அதுவும் தப்பில்லைதான்.

தலையைப் பொருத்திக் கையால் திருகினார். நின்ற இடத்தில் ஸ்பேனரை வைத்தார். கால் திருகு. கை இன்னும் கொஞ்சம் என்றது. முப்பத்து மூன்று வருஷம் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றே பழகின கை. நெற்றியிலிருந்து வியர்வை கல்லில் விழுந்தது. ஸ்பேனரை எடுத்துத் துடைத்து ஹெல்மெட்டுக்குள் போட்டார்.

பிறகு எழுந்து கூடத்துக்குப் போனார். பெண்கள் வழிவிட்டார்கள். பெஞ்சின் தலைமாட்டில் குனிந்து, அவள் காதோரம் வாயை வைத்தார். நெற்றியில் யாரோ அகலமாகப் பொட்டு வைத்திருந்தார்கள். அவள் அவ்வளவு பெரிதாக வைத்துக்கொள்வதில்லை.

"கலா, கொழா வேல முடிஞ்சிது. கால் திருகுதான் வச்சிருக்கேன். டேக்க எடுக்கறேன்."

பதிலுக்குக் காத்திருக்கிறவர் போலக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு, "அன்னிக்கி ஃபியூசு போட்டது என் தப்புதான்" என்றார். அது யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற உமாராணிக்கு மட்டும் ஃபியூஸ் என்ற வார்த்தை கேட்டது. கரண்ட் எதுவும் போகவில்லையே என்று அவள் மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தாள்.

அட்டையின் முடிச்சை அவிழ்க்க அவர் விரல்களுக்கு நேரமாயிற்று. அறுத்துவிடலாம் என்றார் பாவாடை. வேண்டாம் என்று தலையசைத்தார். அவிழ்ந்ததும் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வால்வைத் திறந்தார். குழாய் இருமியது, காற்றைத் துப்பியது, கலங்கலாகக் கொஞ்சம் வந்தது, பிறகு தெளிந்த தண்ணீர் வந்தது. உமாராணி குடத்தை வைத்தாள். பெண்கள் புடவைகளைப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். ஆண்கள் வாசலுக்குப் போனார்கள்.

பாவாடை கோடி போட்டார். ஒன்று இருபதுக்கு எடுத்தார்கள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். கூடத்தில் ஈரத்தரை, பெஞ்சு கிடந்த இடத்தில் ஒரு விளக்கு. உள்ளே போகும் முன் கால் கழுவ ஆண்கள் கொல்லைப்பக்கம் வரிசையாக வந்தார்கள். முதலில் பாவாடை. கழுவிவிட்டு, விவசாயக் கையால் குழாயை இறுக்கி மூடப் போனார்.

"மச்சான், லேசா மூடுங்க. வாஷர் புதுசு."

பாவாடை கையை எடுத்துக்கொண்டார். சக்கரபாணி போய்க் குழாயின் பக்கத்தில் நின்றுகொண்டார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவருக்கும் அவரே திறந்தார், கழுவி முடித்ததும் இரண்டு விரலால் அவரே மூடினார். மாமன் மச்சான், ஷிப்டில் கூட இருந்தவர்கள், பந்தல்காரர் என்று இருபது இருபத்தைந்து பேர் இருக்கும். கடைசியாக ஹபீப் முகமது கழுவிக்கொண்டு, அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

கொல்லையில் யாரும் இல்லை. சக்கரபாணி தன் காலைக் கழுவிக்கொண்டார். குழாயை மூடினார். பிறகு கையை வேட்டியில் துடைத்துவிட்டு, குழாயின் அடியில் உள்ளங்கையை ஏந்திக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து இசைப்பிரியா, "அப்பா, வாங்கப்பா" என்று கூப்பிட்டாள். வருகிறேன் என்று சொன்னார்.

கை காய்ந்தே இருந்தது.